தாய்ப்பாலும் தாயின் கூலியும்

வருஷா வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் ஏழு நாட்களும் தாய்ப்பால் வாரம் என்பதாக உலகமெங்கும் கொண்டாடப்பட்டு வருகின்றது. 1992-ல் ஆரம்பமான இக்கொண்டாட்டம் நமது நாட்டிலும் தவறாமல் நடந்து வருகின்றது. அந்த ஏழு நாட்களில் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் கூடுவதும், பெரிய மனிதர்கள் வந்து தாய்மையின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதும், தாய்ப்பால் அமுதம் என்று சுவரில் எழுதுவதும், எட்டாவது நாள் எல்லோரும் அதை மறந்துவிட்டுத் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுவதும் வழக்கமாகிவிட்டது. தாய்ப்பாலைப் புகழுவதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. அது புகழத் தக்கதுதான் என்பதையும், ஏன் அப்படி என்பதையும் கீழே எடுத்துச் சொல்லப் போகின்றோம். ஆனால் பாலைப் புகழுகின்ற இவர்கள் பால் கொடுக்கின்றவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே நமது கேள்வி.

இக்கேள்வி நமக்கு ஸ்ரீமதுரையில் எழுந்தது. நீலகிரி ஜில்லா கூடலூர் தாலுகாவில், முதுமலைக் காட்டை ஒட்டி, வயலும் தேயிலையும் கலந்து கிடக்கின்ற ஊர் அது. ஊரின் பெயருக்கு முன்னால் "ஸ்ரீ" போட்டிருக்கின்றார்கள். அதனால் அவ்வூர்க் கூலிக்காரனுக்கு நாலணா அதிகமாகக் கிடைத்ததாக நாம் கேள்விப்படவில்லை. நெல் வயலை உடைய செட்டிமார்களும், அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாய்ப் பாடுபட்டு வந்த பணியர்களும், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிகளும், கீழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களும் அப்பக்கத்தில் இருக்கின்றார்கள். கூடலூர்ச் சுற்றுப்புறத்துத் தேயிலைத் தோட்டங்களிலோ, 1964-ஆம் வருஷத்து சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

அங்கே நாம் ஒரு காலை வேளையில் போய்க்கொண்டிருக்கும்போது, தலையில் சாக்கும் இடுப்பில் படங்குமாய்க் கொழுந்து பறிக்கப் போகின்ற பெண்கள் நாலைந்து பேரைக் கண்டோம். அவர்களில் ஒருத்தி நமது தோழர் ஒருவருக்குத் தூரத்து உறவு. பிள்ளை பிறந்து மூன்று மாதமாயிற்றென்று தோழருக்குத் தெரியும். "ஏம்மா, பச்சைப் பிள்ளையை எங்கே விட்டாய்?" என்று கேட்டார். "பெரியவகிட்ட விட்டுட்டு வர்றேன் அண்ணே" என்றாள். பெரியவள் என்றது ஏழு வயதுப் பெண்ணை. "பால்?" என்றதற்கு, "காலையில அஞ்சு மணிக்குக் குடுத்தேன். இனி சாயங்காலம் போயித்தான். நடுவுல அழுதா சீனித் தண்ணி கரைச்சு வச்சிருக்கேன், அவ குடுத்துருவா" என்று சொன்னாள். பிறகு, நாம் கேளாமலே, "ஆஸ்பத்திரி நர்சம்மா ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் குடுக்காதேன்னு ரொம்பக் கண்டிச்சுத்தான் சொல்லி அனுப்பிச்சாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாம இல்லே அண்ணே" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்துவிட்டாள்.

அவள் சொன்ன கடைசி வார்த்தையை நமது பிரசங்கிகள் கவனிக்க வேண்டும். தாய்மாருக்கு அறிவு புகட்டவேண்டும், விழிப்பு உண்டாக்கவேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகின்றார்கள். அவளுக்கோ விஷயம் தெரிந்தேயிருக்கின்றது. தெரிந்தும் செய்யமுடியாத நிலையில் அவளை வைத்தவர் யார் என்று பார்ப்பதற்கு முன், தெரிய வேண்டியது இன்னதென்பதை முதலில் சொல்லி விடுகின்றோம். ஏனெனில் அவளுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாத ஆண்பிள்ளைகள் நமது வாசகர்களிலேயே அநேகர் இருப்பார்கள்.

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் மார்பில் விடவேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, கொடுக்கக்கூடாது, அதற்குப் பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வருஷமோ அதற்கு மேலோ பாலையும் கொடுத்து வரலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கின்ற மஞ்சள் நிறமான சீம்பால் அளவில் சில கரண்டிதான் இருக்கும். பிறந்த பிள்ளையின் இரைப்பையும் அந்த அளவுக்குச் சிறியதுதான். அதிலே நோயை எதிர்க்கின்ற சத்துக்கள் செறிந்திருக்கின்றன. தாய் தன் வாழ்நாளில் கண்ட நோய்களை எதிர்த்து அவள் உடம்பு தயார் செய்து வைத்திருக்கின்ற பொருள், பிள்ளையின் குடலிலே போய் மெழுகினாற்போல் படிந்து, கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கின்றது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் சிசுக்களைக் கொல்லும் இரண்டு பெரிய நோய்கள். இவ்விரண்டையும் தாய்ப்பாலைப்போல் தடுக்கக்கூடிய மலிவான சாதனம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பசுவின் பாலில் புரதம் மூன்று மடங்கு அதிகம் என்று சிலர் பெருமையாய்ச் சொல்லுவார்கள். வாஸ்தவம். கன்றுக்குட்டி சில வாரத்தில் ஓடியாட வேண்டிய ஜீவன், அதற்கு அது வேண்டும். மனிதப் பிள்ளையின் இளம் சிறுநீரகத்திற்கு அது பாரம்.

1916-லோ 1926-லோ வந்த பழங்கதையல்ல இது. 2016-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சியின்படி, தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் உலகத்தில் ஏறக்குறைய முழுமையாய்ப் பரவுமானால் வருஷத்திற்கு 8,23,000 குழந்தைகளின் சாவைத் தடுக்கலாம். மார்புப் புற்றுநோயால் சாகும் பெண்களில் வருஷத்திற்கு 20,000 பேர் தப்புவார்கள்.

இந்த இரண்டாவது கணக்கைத்தான் யாரும் சொல்லுவதில்லை. தாய்ப்பால் என்றவுடன் பிள்ளைக்கு என்ன லாபம் என்று பேசுவார்களேயொழிய, தாய்க்கு என்ன லாபம் என்று பேசுகின்றவர்கள் அருமை. தாய் என்பவள் தேய்வதற்காகவே பிறந்தவள் என்று நமது புராணமும் சினிமாவும் சொல்லிச் சொல்லி, அவளுக்கும் ஒரு உடம்பு உண்டு என்பதே மறந்துபோய்விட்டது. பிள்ளை மார்பைச் சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஒருவித ரசம் இரத்தத்தில் கலக்கின்றது. அதுவே பாலை வெளியே தள்ளுகின்றது. அதுவே கருப்பையையும் சுருங்கச் செய்து, பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கைக் குறைக்கின்றது. நமது நாட்டில் பிள்ளை பெற்ற ஸ்திரீகளை அதிகமாகக் கொன்றது அந்த உதிரப்போக்கேயாகும். 30 நாடுகளில் நடந்த 47 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்கில், ஒரு பெண் தன் ஆயுளில் பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திற்கும் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 4.3 வீதம் குறைகின்றது என்று கண்டார்கள். சூற்பையில் வரும் புற்றுநோயும் குறைகின்றது, நீரிழிவும் குறைகின்றது. பால் கொடுத்தால் உடம்பு கெட்டுவிடும், அழகு குன்றிவிடும் என்று சில பட்டணத்து மேனாமினுக்கிகள் சொல்லும் வார்த்தைக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

மற்றொரு நன்மையையும் சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமலும், தாய்க்கு மாதவிடாய் திரும்பாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மாத்திரமே கொடுத்துக்கொண்டும் இருக்கின்றவரை, நூற்றுக்கு 98 பேருக்கு மறுபடி கர்ப்பம் உண்டாவதில்லை. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் இது செல்லாது. அப்போது வேறு கர்ப்பத்தடை சாதனத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கர்ப்பத்தடை என்று சொன்னாலே காதைப் பொத்திக்கொண்ட வைதீகர்கள், இயற்கையே அதை ஏற்படுத்தி வைத்திருப்பதைப் பற்றி என்ன சொல்லுவார்களோ தெரியவில்லை.

நிற்க, இவ்வளவு நன்மையுள்ள பாலைப் பிள்ளையின் வாய்க்கெட்டாமல் செய்கின்றவர்களில் முதல் கூட்டம் நமது வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. பிள்ளை பிறந்ததும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே கொட்டச் சொல்லும் கிழவிகள் இன்னும் இருக்கின்றார்கள். குடும்பத்தில் யோக்கியனாக இருப்பவன் கையால் சேனை வைத்தால் பிள்ளைக்கும் அவன் குணம் வரும் என்று சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் நாக்கில் தடவுகின்றார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவித நஞ்சுக் கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் அது முளைத்து நரம்பையே முடக்கிவிடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கின்றார்கள். சேனை வைத்தவன் குணம் வந்ததோ இல்லையோ, அவன் விரல் நகத்திலிருந்த அழுக்கு நிச்சயமாய் வந்திருக்கும். கழுதைப்பால் ஒரு பாலாடை கொடுத்தால் பிள்ளைக்குச் சீர் வராது என்று, கழுதையைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வருகிறவனிடம் காசைக் கொட்டிக் கொடுத்து, காய்ச்சாமல் புகட்டுகின்றார்கள். பெற்ற தாயின் மார்பில் இனாமாகச் சுரக்கின்ற பால் கெட்ட பாலாம்! கழுதையின் பால் மருந்தாம்! இதைச் சொன்னால் நம்மை நாஸ்திகர்கள் என்பார்கள்.

தீட்டு என்பது அடுத்த கொடுமை. பத்து மாதம் சுமந்து உயிரைப் பணயம் வைத்துப் பெற்றவளைத் தீண்டத்தகாதவளாக ஆக்கி, பதினாறு நாள் மூலையில் போட்டு, பத்தியம் என்ற பேரால் பூண்டும் சுட்ட கருவாடும் தவிர காய் கனி ஒன்றும் காட்டாமல், தாகத்திற்குத் தண்ணீர்கூட அளந்து கொடுத்தால், பால் எங்கிருந்து வரும்? ஒரு தாய் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் வரையில் பால் சுரக்கின்றாள். அதற்காக அவளுக்குத் தினம் ஒரு வேளைச் சாப்பாட்டு அளவுக்காவது அதிகமான ஆகாரம் வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் பால் பெரும்பாலும் நின்றுவிடுவதில்லை. அவள் உடம்பிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு பால் வந்துகொண்டேயிருக்கும். பார்வதி வந்து ஞானப்பால் கொடுத்த கதையைத் திருவிழாவாகக் கொண்டாடுகின்ற நாட்டில், வீட்டுக்குள் நிஜமாய்ப் பால் கொடுக்கின்றவளுக்குக் கஞ்சியும் அளவு, தண்ணீரும் அளவு!

இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேதான் நடக்கின்றன. அப்படியிருந்தும் 2019-21-ல் சர்க்கார் எடுத்த தேசிய குடும்ப நல விசாரணையில், நம் மாகாணத்தில் பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 60-தான். அதைவிட வெட்கப்படத்தக்கது அடுத்த கணக்கு. ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மாத்திரமே பெறுகின்ற பிள்ளைகள் இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 64. தமிழ்நாட்டில் 55. படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முதல் வரிசையில் நிற்கின்றோம் என்று மார்தட்டிக்கொள்ளுகின்ற நாம் இவ்விஷயத்தில் சராசரிக்கும் கீழே. ஆஸ்பத்திரிக்குப் போகின்றவன் பஞ்சாங்கத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போகின்றான். நல்ல நேரம் பார்த்து வயிற்றைக் கிழிக்கச் சொல்லுகின்றான். கிழித்த தாய் மயக்கத்தில் கிடக்கும்போது மாமியார் சர்க்கரைத் தண்ணீரோடு தயாராய் நிற்கின்றாள். மயக்கம் தெளிந்ததும் அந்தத் தாயும் ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கலாம் என்பதைச் சொல்லித்தர அவசரமான ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. இனிப்புத் தண்ணீர் குடித்த பிள்ளை மார்பைச் சப்புவதில்லை. சப்பச் சப்பத்தான் சுரக்கும் என்பது பாலின் விதி. சப்பாததால் பால் குறைகின்றது, குறைந்ததால் "எனக்குப் பால் போதவில்லை" என்கின்றாள், உடனே டப்பா வருகின்றது.

டப்பாவின் சரித்திரம் பெரிது. சுருக்கமாகச் சொல்லுகின்றோம். 1939-ல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன் சிசிலி வில்லியம்ஸ் என்னும் வெள்ளைக்கார லேடி டாக்டர், பாலும் கொலையும் என்பதாகவே தலைப்பு வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தித்திப்பான டப்பாப் பாலை ஏழைகள் தலையில் கட்டி, அதனால் பிள்ளைகள் சாவதைக் கொலை என்றே கருதவேண்டும் என்று, வியாபாரிகள் உட்கார்ந்திருந்த சபையிலேயே சொன்னார். அவர் சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ள நாற்பது வருஷத்திற்கு மேல் பிடித்தது. 1981-ல்தான் உலக சுகாதார சபையில் டப்பாப் பால் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் நிறைவேறின. சாதகமாக 118 நாடுகள், எதிராக ஒரே ஒரு நாடு, அது அமெரிக்கா. நமது நாட்டில் 1992-ல் சட்டம் செய்து, 2003-ல் அதை இறுக்கி, இரண்டு வயது வரையிலான பிள்ளைகளின் டப்பாப் பாலுக்கும் டப்பா ஆகாரத்திற்கும் விளம்பரம் செய்வதையும், இனாம் டப்பா கொடுப்பதையும், டப்பாவின்மேல் கொழுகொழுவென்று பிள்ளைப் படம் போடுவதையும் தடுத்திருக்கின்றார்கள். சட்டம் நல்ல சட்டமேயாகும். ஆனால் நாம் ஸ்ரீமதுரையில் பார்த்த பெண் டப்பாப் பால் வாங்கவில்லை. அவளுக்கு அதற்கும் வகையில்லை. அவள் பிள்ளை குடிக்கின்றது சீனித் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வைக்க அவளுக்கு நேரம் இருந்திருக்குமா என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் அவள் மனம் வேதனைப்படுவதைத் தவிர வேறு பயனில்லை.

எனவே பாலைப் பிள்ளையிடமிருந்து பிடுங்குகின்றவர்களில் பெரிய திருடன் மாமியாருமல்ல, டப்பாக்காரனுமல்ல. கூலிதான். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை என்ற ஒரே ஒரு விதி, தாய்ப்பால் வாரத்துச் சொற்பொழிவுகள் அத்தனையையும் தோற்கடித்துவிடுகின்றது.

இதைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரியாமலிருந்ததில்லை. 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் மில் வேலைக்காரப் பெண்களுக்குப் பிரசவகாலச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று வந்த மசோதாவை டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு இருக்கவேண்டியது தேசத்தின் நன்மைக்கே என்றும், ஆகையால் அச்செலவில் சர்க்காருக்கும் பங்கு உண்டு என்றும் அவர் வாதித்தார். அச்சட்டம் 1929-ல் வந்தது. பிறகு 1961-ல் இந்தியா முழுவதற்குமான பிரசவகால நன்மைச் சட்டம் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரமாயிருந்த சம்பள லீவை 26 வாரமாக்கினார்கள். பிள்ளைக்கு 15 மாதம் ஆகின்றவரை பால் கொடுப்பதற்கென்று நாளுக்கு இரண்டு தடவை வேலையிலிருந்து ஓய்வு உண்டு. 50 பேருக்கு மேல் வேலை செய்கின்ற இடத்தில் பிள்ளைக் கொட்டகை வேண்டும், தாய் அங்கே தினம் நாலு தடவை போய்வரலாம். 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டத்திலும் இவைகள் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கென்றே 1951-ல் செய்த தனிச் சட்டமும் 50 பெண்களோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேரோ இருந்தால் தோட்டத்து முதலாளி பிள்ளைக் கொட்டகை வைக்க வேண்டுமென்று விதித்தது. இலங்கையிலிருந்து வந்த முதியவர்கள் இன்றும் அதைப் "பிள்ளைக் காம்பரா" என்று சொல்லுவார்கள். பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு, மத்தியானம் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு, மறுபடி மலையேறிய தாய்மாரை அவர்களுக்குத் தெரியும்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் மேலே சொன்ன 1951-ஆம் வருஷத்துச் சட்டம் பெரிய தோட்டத்திற்கே பொருந்தியது. கூடலூர்ப் பக்கத்தில் ஏக்கரும் இரண்டு ஏக்கருமாய்த் தேயிலை போட்டிருக்கின்ற சிறு விவசாயியின் தோட்டத்தில் தினக் கூலிக்கு ஐந்து பேர் கொழுந்து பறித்தால், 50 பெண்கள் என்ற கணக்கு அங்கே எந்த நாளும் வராது. ஸ்ரீமதுரை வயலில் நாற்று நடுகின்ற பணியப் பெண்ணுக்கு முதலாளி இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர். அவள் யாரிடத்தில் போய் 26 வாரம் கேட்பாள்? சிறு விவசாயியையும் நாம் குற்றம் சொல்லத் தயாராயில்லை. பச்சைத் தேயிலை விலை அவன் கையில் இல்லை. ஆகையால்தான் அம்பேத்கர் சொன்னதுபோல் சர்க்கார் பொறுப்பேற்க வேண்டிய இடம் இதுவேயாகும்.

சர்க்கார் என்ன கொடுக்கின்றது? தமிழ்நாட்டில் அரசாங்க உத்தியோகத்திலிருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் பிரசவத்திற்கு 12 மாதம் முழுச் சம்பளத்தோடு லீவு. இது மிகவும் நியாயம். நாம் இதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏழைப் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 முதல் ஒரு உதவித் திட்டம் நடக்கின்றது. அது பல தடவை உயர்த்தப்பட்டு 2018-ல் 18,000 ரூபாயாயிற்று. வேறு மாகாணங்களைப் பார்க்க இது பெரிய தொகை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18,000-ல் 4,000 ரூபாய் சத்துணவுப் பெட்டியாகப் போய்விடுகின்றது. மிச்சம் ரொக்கம் 14,000. ஆறு மாதம் என்பது 180 நாள். நாளொன்றுக்கு 78 ரூபாய்கூடத் தேறாது. அதுவும் கர்ப்ப காலத்திலிருந்து தவணை தவணையாய், பாங்கிக் கணக்கும் அட்டையும் சரியாக இருந்தால் வரும். அந்தப் பெண் கொழுந்து பறித்தால் இதைப்போல் நாலு மடங்குக்கு மேல் கிடைக்கின்றது. 78 ரூபாயை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து பால் கொடு என்று சொல்லுகின்றவர், தாம் ஒரு மாதம் அந்த 78 ரூபாயில் குடித்தனம் நடத்திக் காட்டட்டும். உத்தியோகஸ்தியின் மார்பில் சுரப்பதும் பால்தான், பணியப் பெண்ணின் மார்பில் சுரப்பதும் பால்தான். ஒன்றுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமும் மற்றொன்றுக்கு 78 ரூபாயும் என்றால், இதை வருணாசிரமம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்லுவது?

பழங்குடிப் பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், அழுதபோதெல்லாம் பால் கொடுத்து, இரண்டு மூன்று வயது வரையில் மறக்கடிக்காமல் இருக்கின்ற தாய்மாரை நாம் கூடலூர்ப் பக்கத்தில் பார்த்திருக்கின்றோம். அதைப் பார்த்து, "காட்டு ஜனங்கள், நாகரிகம் தெரியாது" என்று சிரிக்கின்ற படித்தவர்களையும் பார்த்திருக்கின்றோம். உலக சுகாதார ஸ்தாபனம் ஆராய்ந்து சொன்ன இரண்டு வருஷத்தை அவள் ஆராயாமலே செய்துகொண்டிருக்கின்றாள். சிரித்தவர் பிள்ளை நாலாம் மாதமே டப்பாவுக்குப் போய்விட்டது! ஆனால் இதை வைத்துப் பழைய வழக்கமெல்லாம் நல்லது என்று யாரும் கொடி தூக்க வேண்டாம். தாயின் உடம்பில் இரத்தமில்லை, வீட்டில் அரிசியில்லை என்றால் இந்த நல்ல வழக்கம் அவளையே அரித்துவிடும். வழக்கம் பழையதா புதியதா என்பதல்ல, பரீட்சித்துப் பார்த்து நன்மை என்று தெரிந்ததா என்பதே நமக்கு வேண்டியது. கூடலூரில் 1990 முதல் அசுவினி என்னும் சங்கத்தார் நடத்தி வருகின்ற ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே நர்சுகளாகப் பயின்று, தங்கள் குடிகளின் பிரசவத்தையும் பிள்ளைகளையும் தாங்களே கவனித்து வருகின்றார்கள். கீழ்நாட்டிலிருந்து போகின்ற பிரசங்கியைவிட, தன் பாஷையைப் பேசுகின்ற தன் தங்கை சொன்னால் தாய் கேட்பாள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

இன்னும் ஒன்று. இவ்வளவும் எழுதியதால், எல்லாப் பெண்களும் பால் கொடுத்தே தீரவேண்டும், கொடுக்காதவள் தாயல்ல என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாலோ மருந்தாலோ கொடுக்கமுடியாதவர்கள் உண்டு. பிள்ளை குறைமாதத்தில் பிறந்து சப்பமுடியாமல் கிடப்பதும் உண்டு. அவர்களைக் குத்திப் பேசுவது அயோக்கியத்தனம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்னும் அம்மையார் ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை ஆரம்பித்தார். இப்போது தமிழ்நாட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இது இருக்கின்றது. பல தாய்மார் இனாமாகக் கொடுக்கின்ற மிச்சப் பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சுட வைத்து, குளிரச் செய்து, பிள்ளைகளுக்குப் புகட்டுகின்றார்கள். அந்தப் பாத்திரத்தில் கலந்திருப்பது எந்தச் சாதிப் பால், எந்த மதத்துப் பால் என்று பிரித்துச் சொல்ல எந்தச் சாஸ்திரியாலும் முடியாது. குடித்த பிள்ளை பிழைத்துக்கொள்ளுகின்றது. அது பிறகு வளர்ந்து, இன்னாரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்று சொன்னாலும் சொல்லும்!

ஸ்ரீமதுரைத் தோழர்கள் இதற்கு என்ன செய்யலாம் என்று நம்மைக் கேட்டார்கள். முதலில் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். பால் கொடுக்க உங்களால் முடியாது. மற்ற எல்லாம் முடியும். தண்ணீர் எடுப்பதும், விறகு பிளப்பதும், துணி அலசுவதும், இரவில் அழுகின்ற பிள்ளையை எடுத்துத் தாயின் பக்கத்தில் விடுவதும் உங்கள் வேலை. அவள் சாப்பிட்ட பிறகு நீங்கள் சாப்பிடுங்கள். சீனித் தண்ணீருக்குப் பதில் இன்னொரு வழியும் உண்டு. தாய் வேலைக்குப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்தால், அந்த மலைக் குளிரில் நாலு மணி நேரம் வரை கெடாது. புட்டி வேண்டாம். புட்டியின் ரப்பரில் அழுக்கு ஒளிந்துகொள்ளும். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே போதும், அல்லது சுத்தமான சிறு கரண்டி. ஏழு வயதுப் பெண்ணை விட்டுப் புகட்டச் சொல்லாதீர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள்.

பிள்ளைக் கொட்டகை விஷயத்தில், தனித்தனி முதலாளிக்கு 50 பெண்கள் இல்லையென்றால் ஊருக்கு 50 பெண்கள் இல்லையா? நாலைந்து சிறு தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் பொதுவாக, நடந்துவரும் தூரத்தில், ஒரு கொட்டகையை ஊராட்சியே போட்டு, அவ்வூர்ப் பெண் ஒருத்தியைச் சம்பளத்திற்கு வைக்கலாம். 2005-ஆம் வருஷத்து ஊரக வேலைச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஐந்து பிள்ளைக்கு ஆள் வைப்பது அன்றைக்கு முடியுமென்றால் இன்றைக்கும் முடியும். முன்யோசனை வேண்டியதெல்லாம் யானை வருகின்ற பாதையில் அல்லாமல் இடம் பார்ப்பதுதான்.

தாய்ப்பால் வாரம் ஆகஸ்டு 7-ந் தேதியோடு முடிகின்றது. 15-ந் தேதி கிராமசபை கூடுகின்றது. நடுவில் ஏழு நாள் இருக்கின்றது. அந்த ஏழு நாளில் ஸ்ரீமதுரைத் தோழர்கள் வீடு வீடாய்ப் போய், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் எத்தனை பேர், அவர்களில் பிரசவத்திற்குப் பின் எத்தனையாவது நாள் வேலைக்குத் திரும்பினார்கள், உதவித்தொகை எத்தனை தவணை வந்தது, எத்தனை வரவில்லை என்று ஒரு கணக்கு எடுத்து, கொட்டகை வேண்டும், ஆறு மாதத்திற்கு முழுக் கூலி அளவுக்கு உதவித்தொகை வேண்டும் என்ற இரண்டு தீர்மானங்களோடு அதைச் சபையில் வைக்கவேண்டும். பேசுவதற்கு அந்தக் கொழுந்துக்காரப் பெண்ணையே எழுப்புங்கள். அன்று அவளுக்குக் கூலி போகாது. விடுமுறை நாள்தான். சபையில் என்ன நடந்தது என்பதையும், எதிர்த்தவர் இருந்தால் அவர் சொன்ன காரணத்தையும் எழுதி அனுப்பினால், அடுத்த வாரத்திலேயே பிரசுரிக்கின்றோம்.